லென்ஸின் வேகம்

ஒரு காமிராவில் ஒரு லென்ஸைப் பொருத்தினால், ஓடிவரும் குதிரையின் உருவம் நொடியில் தெளிகிறது. மற்றொன்றைப் பொருத்தினாலோ, குதிரை கடந்த பின்னரே தெளிவு பிறக்கிறது. பிழை காமிராவினுடையதா?

பொருளின் தொலைவு மாறுந்தோறும் லென்ஸினுள் உள்ள கண்ணாடிகள் இடம்பெயர்ந்தாக வேண்டும். தானாகக் குவியும் காமிரா, அவை எவ்வளவு பெயரவேண்டும் என்று கணித்து ஆணையிடுகிறது. சிறு மோட்டார் ஒன்று அவ்வாணையை நிறைவேற்றுகிறது. ஆகவே, பெயரும் கண்ணாடியின் எடை, அது செல்லும் தூரம், மோட்டாரின் திறன் ஆகிய மூன்றும் வேகத்தைப் பெரிதும் வரையறுக்கின்றன.

1985-இல் வெளிவந்த மினோல்ட்டா 7000 காமிராவில், மோட்டார் காமிராவின் உடலிலேயே இருந்தது. அதன் சுழற்சியைத் தண்டு ஒன்று லென்ஸுக்குக் கடத்தியது. 1987-இல் கேனன் நிறுவனம் தன் ஈ.ஓ.எஸ். வரிசையில் லென்ஸ்தோறும் தனி மோட்டாரை அமைத்தது. அந்தந்த லென்ஸின் எடைக்கேற்ற மோட்டாரை வைக்க இதனால் வழி பிறந்தது. அவ்வாண்டிலேயே அதன் 300 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றில், செவிக்கெட்டா அதிர்வுகளால் சுழலும் மீயொலி மோட்டார் இடம்பெற்றது.

அங்ஙனமாயின், மெதுவான லென்ஸ் தாழ்ந்ததோ? அன்று. மலரின் மகரந்தத்தை நெருங்கிப் படம்பிடிக்கும் மேக்ரோ லென்ஸில் கண்ணாடிகள் நெடுந்தூரம் பெயர வேண்டும். அங்கே விரைவைவிட மயிரிழைத் துல்லியமே முதன்மை. குவியம் தேடும் எல்லையைக் குறுக்கும் விசையொன்றும் அத்தகைய லென்ஸ்கள் பலவற்றில் உண்டு. அதனை அறியாதவர் கருவியை நோவர். அறிந்தவரோ, குதிரைக்கு ஒன்று, மலருக்கு ஒன்று எனத் தேர்ந்து பயன்கொள்வர்.