கேட்பவரும் பேசுகிறார்

இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்குகிறார். நடுவே கழியும் நேரம் எவ்வளவு?

நெதர்லாந்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். ஜப்பானியம், கொரியம், டேனியம், லாவோ, இத்தாலியம் உட்பட 10 மொழிகளில் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து, 'ஆமாம், இல்லை' என்று விடை சொல்லும் கேள்விகளை ஆராய்ந்தார்கள். கேள்வி முடிந்து பதில் தொடங்கச் சராசரியாக 200 மில்லிநொடிதான் ஆனது. ஜப்பானியர் இன்னும் வேகம். டேனியர் சற்று நிதானம். ஆனாலும் எந்த மொழியின் சராசரியும் பொதுச் சராசரியைவிட்டுக் கால் நொடிக்கு மேல் விலகவில்லை. தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவாகச் சொல்லும் கண்ணிமைப் பொழுதுக்குள் மனிதர்கள் பதில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

இதிலுள்ள வியப்பு இனிமேல்தான் வருகிறது. ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், வாயிலிருந்து முதல் ஒலி வர ஏறக்குறைய 600 மில்லிநொடி ஆகிறது. ஒற்றைச் சொல்லுக்கே அவ்வளவு நேரம் என்றால், 200 மில்லிநொடியில் பதில் எப்படி வருகிறது? எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நம் மூளை பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது என்பதே விடை. அவர் என்ன சொல்லப்போகிறார், எங்கே நிறுத்துவார் என்பதை ஊகித்தபடியேதான் கேட்கிறோம்.

அந்த ஊகம் எதைப் பற்றிக்கொண்டு நடக்கிறது? டச்சு மொழிப் பேச்சில் 2006-இல் ஒரு சோதனை செய்தார்கள். குரலின் ஏற்ற இறக்கத்தை நீக்கிச் சொற்களை மட்டும் விட்டார்கள்; பேச்சு முடியும் இடத்தைக் கேட்டவர்கள் சரியாகவே கணித்தார்கள். சொற்களை அழித்து ஏற்ற இறக்கத்தை மட்டும் விட்டபோது தடுமாறினார்கள். சொல்லும் வாக்கிய அமைப்புமே முதன்மையான வழிகாட்டிகள்.

தகவல் தொடர்பைப் பற்றிய பாடநூல்கள் அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர், இரைச்சல் என்று கூறுகளை அடுக்கும். கிளாட் ஷானன் 1948-இல் வகுத்த மாதிரியிலிருந்து வந்த பட்டியல் இது. தந்திக்கும் தொலைபேசிக்கும் அது அருமையான கணக்கு. மனிதப் பேச்சிலோ பெறுநர் சும்மா காத்திருப்பதில்லை.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பாவலாஸ் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒருவர் தாம் ஆபத்திலிருந்து நூலிழையில் தப்பிய கதையைச் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் சிலருக்கு மட்டும் இரகசியமாக ஒரு வேலை: குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ணிக்கொண்டிருப்பது. கவனம் அங்கே போனதும் தலையசைப்பும் 'ம்'மும் முகத்தில் தெரியும் பதற்றமும் குறைந்தன. கதை சொன்னவர்களுக்கு அந்த இரகசியம் தெரியாது. ஆனாலும் அவர்கள் கதையைச் சொதப்பினார்கள், குறிப்பாக உச்சக்கட்டத்தில். கதை சொல்லும் பாட்டிமார் பேரப்பிள்ளைகளை 'உம்' கொட்டச் சொல்வதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது!

புரியாதபோது இடைமறித்துக் கேட்பதும் இந்தக் கூட்டு வேலையில் ஒரு பங்குதான். 12 மொழிகளின் பேச்சை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்குள் ஒருமுறை யாராவது 'என்ன?', 'யாரு?' என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார்கள். புரியவில்லை என்று உடனே கேட்க முடிவதால்தான் மனிதப் பேச்சு பெரிய குழப்பமில்லாமல் ஓடுகிறது.

ஆகவே, ஒருவருக்குக் கோவையாகப் பேசத் தெரியவில்லை என்று முடிவுகட்டும் முன், நாம் எப்படிக் கேட்டோம் என்று யோசிப்போம். பள்ளியில் நடந்ததைப் பிள்ளை சொல்ல வரும்போது கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு அதன் முகத்தைப் பாருங்கள். அது நன்றாகப் பேசுவதில் பாதிப் பொறுப்பு உங்களுடையது.