மாண்டவரைப் பேசும் நூல்

உண்மைக் குற்றக் கதைகளில் கொலையாளியின் பெயர்தான் நிலைக்கிறது. 1888இல் கிழக்கு லண்டனில் ஐந்து பெண்களைக் கொன்றவன் யாரென்று இன்றுவரை தெரியாது. ஆயினும் 'ஜக் த ரிப்பர்' என்ற பட்டப்பெயரை உலகமே அறியும். ஹலி ரூபன்ஹோல்ட் 2019இல் வெளியிட்ட 'த ஃபைவ்' என்னும் ஆங்கில நூல் அவனைத் தேடவேயில்லை. பொலி, ஆனி, எலிசபெத், கதரின், மேரி ஜேன் என்ற அந்த ஐவரின் பிறப்பு, மணவாழ்வு, வறுமை, குடி ஆகியவற்றையே ஆவணங்களைத் துருவி எழுதுகிறார். ஐவரும் விலைமாதர் என்று அன்றைய பத்திரிகைகள் குத்திய முத்திரைக்கு மூவர் விடயத்தில் தக்க சான்றில்லை என்பது அவர் வாதம். (ஏற்காதோரும் உளர்.) கொலைகளை அவர் வருணிக்கவில்லை, திகிலை நாடுவோர் ஏமாறுவர். நூலின் இறுதியில், இறந்தபோது அப்பெண்களிடமிருந்த பொருட்களின் பட்டியல் வருகிறது. கதரினிடம் சிறிது தேயிலையும் சீனியும் இருந்தன. என் நெஞ்சை உலுக்கிய இடம் அது.