சுவரில் வெளுக்கும் சாயம்

சுயராஜ்யம் என்பது கோட்டையில் கொடி மாறுவதோடு முடிந்துவிடும் காரியமல்ல. சாதாரணக் குடிமகன் ஒருவன், தான் கொடுத்த பணத்துக்குரிய வேலையைத் தைரியமாகக் கேட்டுப் பெற முடிகிறதா என்பதும் அதற்கு ஒரு பரீட்சையாகும். இந்தப் பரீட்சையில் நமது ஜனங்கள் இன்னும் தேறவில்லை. அதற்கு அத்தாட்சி வேண்டுவோர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தத்தம் வீட்டுச் சுவர்களைப் பார்த்தாலே போதும்.

பொங்கலை முன்னிட்டோ, கல்யாணத்தை முன்னிட்டோ வீட்டைப் புதுப்பிப்பது நம்மவர் வழக்கம். முன்காலத்தில் சுண்ணாம்பை ஊறவைத்து, மட்டையைத் தட்டி, வீட்டாரே வெள்ளையடித்துக் கொண்டார்கள். பிழை நேர்ந்தால் நஷ்டம் சில அணாக்களே. இன்றோ பட்டி, பிரைமர், பெயிண்ட், கூலி எல்லாம் சேர்ந்து நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக்கே பல்லாயிரம் ரூபாய் ஆகிறது. சீட்டுப் பணத்தை எடுத்தும் நகையை அடகு வைத்தும் காண்டிராக்டரிடம் கொடுப்போர் பலர். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்ததும் சுவர் கொப்புளிக்கிறது. பூச்சு செதில் செதிலாக உதிர்கிறது. சாயம் திட்டுத் திட்டாக வெளுக்கிறது. காண்டிராக்டரைக் கூப்பிட்டால், "நாளைக்கு வருகிறேன்" என்ற பதில் வருகிறது, ஆள் வருவதில்லை. வீட்டுக்காரர் தலைவிதி என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் வேறொரு காண்டிராக்டரைத் தேடுகிறார்.

இது தலைவிதி அன்று, வேலைக் குற்றம். அதன் காரணங்கள் ரகசியமானவையும் அல்ல. புதுச் சிமெண்டுப் பூச்சானால், ஈரம் உலர்ந்து காரம் தணிய ஏறக்குறைய நான்கு வாரமாவது விட வேண்டும். பழைய சுவரானால், தளர்ந்த பூச்சைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, தூசியைத் துடைக்க வேண்டும். எங்கேனும் நீர்க்கசிவு இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். பிறகு பட்டி, பிரைமர், அதன்பின் இரண்டு கை பெயிண்ட். ஒவ்வொரு கையும் உலர்ந்த பிறகே அடுத்த கை. எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்பது டப்பாவிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. சுவர் வர்ணப் பூச்சு வேலை எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2395 என்ற எண்ணில் ஒரு விதித்தொகுப்பே வெளியிட்டிருக்கிறது. இவ்வளவு இருந்தும் சுரண்டலைக் குறைத்து, பிரைமரை விட்டு, தண்ணீரைக் கூட்டி, இரண்டு கைக்குப் பதில் ஒரு கை அடித்துப் பணத்தை வாங்கிக்கொண்டு போவது சிலருக்கு வியாபார தந்திரமாகிவிட்டது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. சுவரைச் சரிசெய்யாமலே சித்திரம் எழுதிக் காசு வாங்குவது இவர்கள் கண்ட புது வித்தை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நமது குற்றச்சாட்டு சாரத்தில் ஏறி உயிரைப் பணயம் வைத்து வேலை செய்யும் தொழிலாளியின் மீது அன்று. பிரைமர் வாங்காதது அவன் அல்ல. ஆறு நாள் வேலையை மூன்று நாளில் முடிக்கச் சொன்னதும் அவன் அல்ல. லாபம் யாருக்கோ, பொறுப்பும் அவருக்கே. வீட்டுக்காரர் கோபத்தைக் கூலியாளின் மீது காட்டுவது கோழைத்தனம். நியாயமாய் வேலை செய்யும் காண்டிராக்டர்களும் நமது நாட்டில் ஏராளமாக இருக்கிறார்கள். சுரண்டவும் உலரவும் ஆகும் நாட்களைக் கணக்கிட்டு அவர்கள் கேட்கும் நியாயமான விலையை, அரைவேலைக்காரனின் மலிவு விலை தோற்கடிக்கிறது. ஆகவே மோசமான வேலையை எதிர்த்துக் கேட்பது நல்ல தொழிலைக் காப்பதுமாகும்.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. 1986-ம் வருஷம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1993-ல் செய்யப்பட்ட திருத்தத்தால் வீடு கட்டும் வேலை சேவையில் அடங்கும் என்பது வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. அதே வருஷத்தில் லக்ஷ்மணபுரி வளர்ச்சி அதிகார சபை வழக்கில், வீட்டு வசதி செய்து தரும் சர்க்கார் ஸ்தாபனங்களும் ஜனங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவையே என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பழைய சட்டத்தின் இடத்தில் 2019-ம் வருஷத்துச் சட்டம் 2020 ஜூலையில் அமுலுக்கு வந்தது. ஒப்பந்தப்படி செய்ய வேண்டிய வேலையின் தரத்திலோ, செய்யும் முறையிலோ நேரும் குறை எதுவும் 'சேவைக் குறைபாடு' என்பது அச்சட்டத்தின் கருத்து. பிரைமர் அடிக்காத சுவர் இதில் அடங்காவிட்டால் வேறு எது அடங்கும்?

"நான் உங்கள் வீட்டு வேலைக்காரன் மாதிரி, என் மீது இந்தச் சட்டம் செல்லாது" என்று வாதிக்கும் காண்டிராக்டரும் உண்டு. எஜமான்-வேலையாள் முறையில் செய்யப்படும் ஊழியத்தைச் சட்டம் விலக்கியிருப்பது உண்மையே. ஆனால் அத்தகைய ஊழியம் வேறு, தம் தொழில் திறமையைக் கொண்டு பிறருக்குச் செய்யும் சேவை வேறு என்று 1995-ல் டாக்டர்கள் சம்பந்தமான வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கிவிட்டது. மொத்த வேலையையும் ஒரு தொகைக்கு ஏற்று, தம் ஆட்களைக் கொண்டு முடிப்பவர் வீட்டு வேலைக்காரர் அல்லர். ஆனால் வீட்டுக்காரரே சாமான் வாங்கி, நாட்கூலிக்கு ஆள் வைத்து, பக்கத்தில் நின்று வேலை வாங்கியிருந்தால் அவர் வழக்கு வலுவிழந்துவிடும் என்பதையும் மறைக்கக் கூடாது.

குறை கண்டவர் செய்ய வேண்டியது என்ன? முதலில் சுவரைப் பல கோணங்களில் படம் பிடித்து, தேதி குறித்து வைக்க வேண்டும். காலி டப்பாக்களை எறிந்துவிடக் கூடாது. அவற்றிலுள்ள தொகுதி எண் பிற்பாடு சாட்சி சொல்லும். சரக்கிலேயே குற்றமிருந்தால் பெயிண்ட் செய்த கம்பெனியும் பொறுப்பாளியாகும். பின்னர், குறைகளை வரிசையாக எழுதி, இத்தனை நாளுக்குள் சரிசெய்து தர வேண்டுமென்று காண்டிராக்டருக்குத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி நிலையத்திலும் முறையிடலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. வேலைக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரையில் இருந்தால் அங்கேயே மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையில் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. காண்டிராக்டர் எந்த ஊர்க்காரராயினும், மனுதாரர் தாம் வசிக்கும் ஜில்லாவிலேயே மனுக் கொடுக்கலாம். காரணம் ஏற்பட்ட இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் ஞாபகத்தில் இருக்கட்டும். "நாளைக்கு வருகிறேன்" என்ற பதில் எத்தனையோ உரிமைகளைக் காலங்கடந்து போகச் செய்திருக்கிறது.

குறையை நீக்கித் தரவும், பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும், நஷ்டஈடும் செலவும் தரவும் ஆணையம் உத்தரவிடலாம். உத்தரவை மீறினால் ஒரு மாதத்துக்குக் குறையாமலும் மூன்று வருஷத்துக்கு மேற்படாமலும் சிறைத் தண்டனையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமலும் ஒரு லட்சத்துக்கு மேற்படாமலும் அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடந்தருகிறது.

ஆயினும் வழக்காடிப் பெறுவதைவிட வழக்கு வராமல் தடுப்பதே விவேகம். நமது ஜனங்களிடம் ஒரு விபரீதமான தாட்சணியம் இருக்கிறது. "தெரிந்த மனிதர், எழுதிக் கேட்டால் வருத்தப்படுவார்" என்று வாய்ப் பேச்சிலேயே வேலையை ஒப்படைத்து விடுகிறார்கள். தெரிந்த மனிதராயிருந்தால் எழுதித் தர ஏன் வருந்த வேண்டும்? எந்தக் கம்பெனியின் எந்த ரகப் பெயிண்ட், எத்தனை கை, சுவரைச் சுரண்டுவது யார் பொறுப்பு, அளவில் கதவு ஜன்னல்களைக் கழிப்பதுண்டா, எத்தனை மாதத்துக்கு உத்தரவாதம் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பணத்தைத் தவணையாகக் கொடுத்து, கடைசித் தவணையை வேலையைப் பார்வையிட்ட பிறகே கொடுக்க வேண்டும். ரசீது கேட்டு வாங்க வேண்டும். ஈயம் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேற்பட்ட வீட்டுப் பெயிண்டுகள் 2017 நவம்பர் முதல் தடுக்கப்பட்டிருக்கின்றன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஆதலால் பெயர் தெரியாத டப்பாவை வீட்டுக்குள் விடுவது பணநஷ்டத்தோடு நிற்கும் விஷயமன்று.

வீட்டுக்காரருக்கும் கடமை உண்டு. "மாடியில் நீர் கசிகிறது; முதலில் அதை அடையுங்கள்" என்று காண்டிராக்டர் எச்சரித்தும் செலவுக்கு அஞ்சி மேலே பூசச் சொன்னவர், பின்னர் சாயம் உரிந்தது என்று புகார் சொல்வது நியாயமாகாது. நல்ல வேலை செய்தவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காமல் அலைக்கழிப்பதும் அதே மாதிரி மோசடிதான்.

சர்க்காரின் கடமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதிர்க்கட்சிக்காரருக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள், பரிசோதனை தேவையானால் ஐந்து மாதத்துக்குள், புகாரைத் தீர்க்க முயல வேண்டும் என்பது சட்டம். நடப்பிலோ பல மனுக்கள் வருஷக் கணக்கில் தேங்குகின்றன. ஆணையங்களில் தலைவர், அங்கத்தினர் ஸ்தானங்கள் காலியாகக் கிடப்பதைக் கண்டு 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கெடுத்து விசாரிக்க நேர்ந்தது. உரிமையைச் சட்டத்தில் எழுதிவிட்டு நீதிபதியின் நாற்காலியைக் காலியாக விடுவது, பிரைமர் அடிக்காமல் பெயிண்ட் அடிப்பதைப் போன்றதே. காண்டிராக்டரின் அரைவேலையைக் கண்டிக்கும் நாம் சர்க்காரின் அரைவேலையைக் கண்டும் வாளாவிருக்கலாமா?

பொது ஊழியத்தில் ஈடுபட்டுள்ள நமது நண்பர்களுக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. ஒரே காண்டிராக்டரால் பாதிக்கப்பட்ட பலர் ஆணையத்தின் அனுமதி பெற்றுச் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம். பதிவு பெற்ற நுகர்வோர் சங்கமும் அவர்களுக்காக வழக்காடலாம். வட்டத்துக்கு ஒரு சங்கம் அமைத்து, ஒப்பந்தம் எழுதவும் மனு எழுதவும் ஜனங்களுக்கு வாரம் ஒரு மாலை உதவி செய்வது பத்துப் பொதுக் கூட்டங்களைவிடப் பயனுள்ள தேச சேவையாகும். தன் வீட்டுச் சுவருக்காக நியாயம் கேட்கத் துணியாதவன் நாட்டுக்காக நியாயம் கேட்கத் துணிவான் என்று எதிர்பார்ப்பது வீண். உரிமையைக் கேட்கும் பழக்கம் வீட்டு வாசலில் தொடங்கட்டும்.