வண்டியை நிறுத்துவதற்கான விலை

மோட்டார் வண்டியொன்றை விலை பேசுவோர் அதன் வேகத்தையும் எரிபொருட் செலவையும் நுணுகி ஆராய்வர். அது எவ்வாறு நிற்கும் என வினவுவோர் மிகச் சிலரே. ஓடாத வண்டியால் வரும் நட்டம் ஒரு நாட் பயணத்தோடு முடிந்துவிடும். நில்லாத வண்டியால் வரும் நட்டத்துக்கு எல்லை கூற இயலாது. ஆதலின் பிறேக்கின் பட்டைகளையும் தகடுகளையும் மாற்றுவதற்கு ஆகும் செலவு எதனாற் கூடுகின்றது, எங்கே அதனைக் குறைக்கலாம், எங்கே குறைத்தலாகாது என்பவற்றை வண்டி வைத்திருப்போர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

இக்காலக் கார்களின் முன் சக்கரங்களில், சக்கரத்தோடு கூடவே சுழலும் வார்ப்பிரும்புத் தகடு ஒன்று உண்டு. கராஜ்களில் இதனை டிஸ்க் என்பர். அதன் இரு பக்கங்களிலும் பாட் எனப்படும் உராய்வுப் பட்டைகள் அமைந்துள்ளன. சாரதி மிதியை அழுத்தியதும், குழாய்களிலுள்ள பிறேக் எண்ணெய் அவ்வழுத்தத்தைக் கொண்டுசென்று, கலிப்பர் என்னும் கவ்வியின் வாயிலாகப் பட்டைகளைத் தகட்டின்மீது நெருக்குகின்றது. உராய்வினால் வண்டியின் இயக்கச் சக்தி வெப்பமாக மாறிக் காற்றிற் கலந்துவிடுகின்றது. இவ்வமைப்புக்கு ஆங்கிலப் பொறியியலாளர் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். எனினும் 1953இல் பிரான்சின் லெ மான் ஓட்டப் போட்டியிலே தகட்டு பிறேக் பூட்டிய ஜாகுவார் கார் வெற்றியீட்டிய பின்னரே அதன் அருமையைப் பலரும் உணர்ந்தனர்.

இங்கு எழும் வெப்பத்தின் அளவைச் சிறு கணக்கொன்று தெளிவாக்கும். 1,200 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போது அதனிடமுள்ள இயக்கச் சக்தி, 30 கிலோமீற்றர் வேகத்தில் உள்ளதைப் போல் இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். அதே கார் மலைப்பாதையில் 100 மீற்றர் உயரம் இறங்குமாயின், 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஏழு முறை முற்றாக நிறுத்தப்பட்டதற்கு ஒப்பான சக்தியை அது வெளிவிட வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இறம்பொடை வழியாக இறங்கிக் கொழும்புக் கரைக்கு வந்து சேரும் கார், ஏறத்தாழ 130 முறை நிறுத்தப்பட்டதற்கு ஒப்பான சக்தியை வழியில் இழக்கின்றது. அதில் ஒரு பகுதியைக் காற்றும், மற்றொரு பகுதியை இயந்திரமும் ஏற்கும். தாழ்ந்த கியரில் இறங்கும் சாரதி இயந்திரத்துக்கு அதிகம் கொடுக்கின்றார்; மிதியிலிருந்து காலை எடுக்காத சாரதியோ பெரும்பாரத்தைப் பட்டைகள்மீதே சுமத்துகின்றார். ஒரே வகைக் கார் இரண்டில், ஒன்றின் பட்டை மற்றையதன் பட்டையிலும் பாதிக் காலத்தில் தேய்ந்துபோவது இதனாலேயே.

புதிய பட்டையின் உராய்வுப் பகுதி பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ளது. அது 3 மில்லிமீற்றரை அண்மிக்கும்போது மாற்றிவிடுதல் கராஜ்களில் வழங்கும் நல்ல வழக்கம். பல பட்டைகளில் மெல்லிய உலோக நாக்கு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பட்டை தேய்ந்ததும் அந்நாக்குத் தகட்டைத் தொட்டுக் கீச்சிடும். இவ்வொலியைப் பொருட்படுத்தாது வண்டியை ஓட்டினால், உராய்வுப் பொருள் முற்றாகத் தேய்ந்து, அதனைத் தாங்கும் இரும்பே தகட்டை அராவத் தொடங்கும். கீச்சொலி கரகரப்பாக மாறும் அந்நிலையில் தகடும் கெட்டுப்போகும். நகத்தாற் கிள்ளக்கூடியதற்குக் கோடரி தேடும் நிலை இதுவே.

கணக்கை எடுத்துக்காட்டொன்றாற் பார்ப்போம். பட்டைத் தொகுதி ஒன்றின் விலையை ஒரு பங்கென்றும், கூலியை அரைப் பங்கென்றும், தகடுகள் இரண்டின் விலையை மூன்று பங்கென்றும் கொள்க. இவை எல்லா வண்டிக்கும் பொருந்தும் விலைகளல்ல. செலவின் போக்கைக் காட்டுவன மாத்திரமே. உரிய வேளையில் மாற்றுபவர் முதன்முறை ஒன்றரைப் பங்கு செலவிடுவார். தகடு தன் இயல்பான தேய்வால் இரண்டாம் முறை மாற்றப்பட வேண்டியிருப்பினும், அப்போது நாலரைப் பங்காகும். ஆக ஆறு பங்கு. ஒவ்வொரு முறையும் கரகரப்பு எழும்வரை காத்திருப்பவரோ இரு முறையும் நாலரைப் பங்கு செலுத்தி, ஒன்பது பங்கை இழப்பார். அவர் அடைந்த ஆதாயம் பட்டையின் கடைசி மூன்று மில்லிமீற்றரே. கூலியையும் மறத்தலாகாது. தகடு மாற்றப்பட வேண்டியது எனத் தெரிந்தும், இன்று பட்டையை மட்டும் மாற்றி, அடுத்த மாதம் தகட்டுக்காக மறுபடியும் சக்கரத்தைக் கழற்றினால், சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்ற கதையாகிவிடும்.

இலங்கையில் இச்செலவு அண்மைக் காலத்திற் பெருஞ்சுமையாயிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025இலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் பழைய வண்டிகளையே பேணி ஓட்டினர். 200 ரூபாவை அண்டியிருந்த அமெரிக்க டொலரும் 2022இல் 350 ரூபாவைக் கடந்தது. உதிரிப்பாகங்கள் இறக்குமதிப் பொருள்களாதலால் அவற்றின் விலையும் உடன் ஏறிற்று. கொழும்பின் பஞ்சிகாவத்தைக் கடைகளிலே வண்டி நிறுவனத்தின் முத்திரை பெற்றவை, பிற உற்பத்தியாளர் செய்தவை, பாவித்துக் கழற்றப்பட்டவை எனப் பல தரத்துப் பொருள்களைக் காணலாம். பெயர் பெற்ற பிற உற்பத்தியாளரின் பட்டையை வாங்கிச் செலவைக் குறைத்தல் தவறன்று. பாவித்த தகட்டை, அளந்து பார்த்துத் தடிப்புப் போதுமாயின் வாங்கலாம். பாவித்த பட்டையையும், செய்தவர் பெயர் விளங்காத பட்டையையும் தொடாதிருத்தலே அறிவுடைமை.

தாமதத்தால் நட்டமடைவோர் ஒரு சாரார். அச்சத்தால் நட்டமடைவோர் மற்றொரு சாரார். ஒலி கேட்டதுமே தகடு, கலிப்பர், எண்ணெய் யாவும் போய்விட்டன என்று பட்டியல் நீட்டும் இடங்களும் உண்டு. இரு சாராருக்கும் காவலாக நிற்பது அளவுகோல். மிகக் குறைந்த தடிப்பு இவ்வளவு என ஒவ்வொரு தகட்டுக்கும் தயாரித்தவர் வரையறுத்திருப்பர். பெரும்பாலும் அது தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். புதிதாக 22 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டுக்கு 20 மில்லிமீற்றர் எல்லையாக இருத்தல் கூடும். நுண்மானியால் நாலைந்து இடங்களில் அளந்து காட்டுமாறு கேட்டல் உரிமையாளரின் உரிமை. எல்லைக்குக் கீழ் தேய்ந்திருந்தாலோ, வெடிப்போ ஆழ்ந்த பள்ளமோ காணப்பட்டாலோ தகட்டை மாற்றியே ஆகவேண்டும். மிதியை அழுத்தும்போது கால் அதிர்ந்தால் தகட்டின் தடிப்பு இடத்துக்கிடம் வேறுபட்டிருத்தல் கூடும். எல்லைக்கு மேல் தடிப்பு எஞ்சுமாயின் அதனைக் கடைந்து சமப்படுத்தலாம். மழை நாளின் மறுகாலையில் தகட்டிற் படரும் செந்துருவோ நாலு முறை பிறேக் பிடித்ததும் அகன்றுவிடும். அதற்காகப் புதுத் தகடு வேண்டியதில்லை. பொருளின் விலையையும் கூலியையும் வெவ்வேறாக எழுதிய பற்றுச்சீட்டைப் பெறுவதும், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குவதும் நல்ல பழக்கங்களாம்.

சிக்கனம் நுழையக்கூடாத இடங்களும் சில உள. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் புதிய பட்டை இட்டால், இரு பக்கங்களின் பிடியும் வேறுபட்டு வண்டி ஒரு புறம் இழுபடும். ஆகையால் ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் ஒருங்கே மாற்றல் வேண்டும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுமியல்புடையது. ஈரமேறிய எண்ணெய் நீண்ட இறக்கத்தின் வெப்பத்திற் கொதித்து ஆவியாகுமாயின், மிதி வெறுமையாக உள்ளே போகும். அழுத்தம் பட்டையைச் சென்றடையாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுக என்று தயாரிப்பாளர் பலர் கூறுவது இக்காரணம் பற்றியே.

வேலை முடிந்த பின்னரும் ஒரு கடமை எஞ்சியுள்ளது. புதிய பட்டைக்கு இடமளிப்பதற்காகக் கலிப்பரின் ஆடுதண்டு பின்னே தள்ளப்பட்டிருக்கும். எனவே முதல் அழுத்தத்தில் மிதி ஆழமாக இறங்கும், பிறேக் பிடியாது. வண்டியை அசைக்குமுன், நின்ற இடத்திலேயே, மிதி கெட்டியாகும்வரை பல முறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். இதற்குச் செலவு ஒரு சதமுமில்லை. ஆயினும் இதனை மறந்து தெருவுக்கு இறங்கும் சாரதிக்கும், அவ்வேளை அத்தெருவைக் கடக்கும் பிள்ளைக்கும், முன்பு செலவிட்ட பணமெல்லாம் உதவாது போய்விடும்.