போக்குவரத்து அபராத அறிவிப்பு (ஐக்கிய இராச்சியம்)

ஐக்கிய இராச்சியத்தில் போக்குவரத்து அபராத அறிவிப்பு என்பது, சாலை விதியை மீறியதாகக் கருதப்படும் ஓட்டுநருக்கோ வாகனத்தின் பதிவுப் பொறுப்பாளருக்கோ வழங்கப்படும் எழுத்து மூலமான அறிவிப்பு ஆகும். காவல்துறை வழங்கும் அபராத அறிவிப்பு நீதிமன்றத் தீர்ப்பு அன்று. குறிப்பிட்ட தொகையைச் செலுத்தி, உரிமத்தில் புள்ளிகளையும் ஏற்றுக்கொண்டால் வழக்குத் தொடரப்படாது என்னும் முன்மொழிவே அது. அதை ஏற்பதற்கும், மறுத்து நீதிமன்றம் செல்வதற்கும் ஓட்டுநருக்கு உரிமை உண்டு. எனினும் இவ்வுரிமை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காலக்கெடுவுக்கு உட்பட்டது. கெடுவைத் தவறவிடுவதால் வரும் தண்டனை, பல வேளைகளில் மூலக் குற்றத்துக்கான தண்டனையை விடக் கடுமையானதாக அமைகிறது.

இக்கட்டுரை பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் நடைமுறையை விளக்குகிறது. ஸ்காட்லாந்தின் வேறுபாடுகள் இறுதியில் தரப்பட்டுள்ளன. வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் உள்ளது.

வரலாறு

1865 ஆம் ஆண்டுச் சட்டம், தானாக இயங்கும் ஊர்திகளுக்கு நகரங்களில் மணிக்கு 2 மைல், நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல் என வேக வரம்பு விதித்தது. 1896 சனவரியில் கெண்ட் மாவட்டத்தின் பாடக் வூட் என்னும் ஊரில், வால்ட்டர் ஆர்னால்டு என்பவர் மணிக்கு ஏறத்தாழ 8 மைல் வேகத்தில் சென்றார். காவலர் ஒருவர் மிதிவண்டியில் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். மீறிய வேகத்துக்காக அவருக்கு 1 ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. பிரித்தானியாவில் வேக மீறலுக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் ஓட்டுநர் இவரே எனக் கூறப்படுகிறது.

1903 ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் வாகனப் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் கொண்டுவந்தது. வேக வரம்பு மணிக்கு 20 மைலாக உயர்த்தப்பட்டது. காவலர்கள் மறைந்திருந்து வேகத்தை அளந்ததால், ஓட்டுநர்களை எச்சரிப்பதற்கென 1905 இல் ஆட்டோமொபைல் அசோசியேசன் தொடங்கப்பட்டது. இவ்வாறு எச்சரிப்பது காவலரின் கடமைக்கு இடையூறு ஆகும் என 1910 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் அவ்வமைப்பின் சாலைப் பணியாளர்கள், முன்னால் காவலர் இருந்தால் உறுப்பினர்களுக்கு வணக்கம் செலுத்தாமல் நின்றனர். ஏன் வணக்கம் செலுத்தவில்லை என வண்டியை நிறுத்திக் கேட்டு, ஓட்டுநர்கள் செய்தியை அறிந்துகொண்டனர்.

1930 இல் மகிழுந்துகளுக்கான வேக வரம்பு நீக்கப்பட்டது. 1935 மார்ச்சில் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் (48 கி.மீ.) வரம்பு நடைமுறைக்கு வந்தது. அபராதப் புள்ளி முறை 1982 நவம்பரில் தொடங்கியது. 1992 இல் மேற்கு இலண்டனின் ட்விக்கனம் பாலத்தருகே முதல் வேகக் கண்காணிப்புப் படக்கருவி பொருத்தப்பட்டது. அதுவரை ஓட்டுநரைச் சாலையில் நிறுத்திய காவலருக்கு, அவர் யார் என்ற ஐயம் எழவில்லை. படக்கருவியோ பதிவெண்ணை மட்டுமே பிடித்தது. இன்றைய நடைமுறையின் பெரும்பகுதி, பதிவெண்ணிலிருந்து ஓட்டுநரைக் கண்டறியும் தேவையால் உருவானது.

வழக்கு நோக்க அறிவிப்பு

வேக மீறல், சிவப்பு விளக்கை மீறுதல், கவனமின்றி ஓட்டுதல் போன்ற குற்றங்களுக்கு, வழக்குத் தொடரக்கூடும் என்பதை ஓட்டுநருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். 1988 ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் குற்றவாளிகள் சட்டத்தின் முதல் பிரிவு இதை வலியுறுத்துகிறது. குற்றம் நிகழ்ந்த இடத்திலேயே காவலர் வாய்மொழியாகக் கூறலாம். இல்லையெனில் எழுத்து மூலமான அறிவிப்பு 14 நாட்களுக்குள் சேர வேண்டும்.

இவ்விதி பற்றிச் சில தவறான கருத்துகள் நிலவுகின்றன:

* 14 நாள் கெடு, பதிவுப் பொறுப்பாளருக்கு அனுப்பப்படும் முதல் அறிவிப்புக்கு மட்டுமே உரியது. வாகனம் வாடகை நிறுவனத்துடையதாகவோ அலுவலகத்துடையதாகவோ இருந்தால், ஓட்டியவருக்கு அறிவிப்பு அதன் பின்னரே வரும். அத்தாமதம் வழக்கைப் பாதிக்காது.
* பொறுப்பாளர் முகவரி மாற்றத்தைப் பதிவு செய்யாததால் அறிவிப்பு பழைய வீட்டுக்குச் சென்றால், அதைத் தமக்குச் சாதகமாகக் காட்ட இயலாது.
* பெயரில் எழுத்துப்பிழை இருப்பது போன்ற சிறு தவறுகளால் அறிவிப்பு செல்லாததாகிவிடாது.
* வாகனம் ஓட்டுகையில் கைப்பேசியைப் பயன்படுத்துதல் முதலிய குற்றங்களுக்கு இவ்வறிவிப்பு தேவையில்லை.

ஓட்டுநரை அடையாளம் காட்டும் கடமை

வழக்கு நோக்க அறிவிப்புடன், 1988 ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 172 ஆவது பிரிவின் கீழ் ஒரு வினாவும் வரும்: அந்நேரத்தில் வாகனத்தை ஓட்டியவர் யார்? பொறுப்பாளர் 28 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும். விடையளிக்காமல் இருப்பது தனிக் குற்றம் ஆகும். இதற்கு 6 புள்ளிகளும் 1000 பவுண்டு வரை அபராதமும் உண்டு. சாதாரண வேக மீறலுக்குக் குறைந்த அளவு 3 புள்ளிகளே என்பதால், அஞ்சலைப் பிரிக்காமல் ஒதுக்கி வைப்பவர் இருமடங்கு புள்ளிகளைப் பெறுகிறார். ஓட்டியவர் யார் எனத் தமக்குத் தெரியாது என்பதையும், தக்க முயற்சி செய்தும் அறிய முடியவில்லை என்பதையும் பொறுப்பாளர் மெய்ப்பித்தால் விடுவிக்கப்படலாம்.

தம் குற்றத்தைத் தாமே கூறுமாறு கட்டாயப்படுத்துவது மௌனம் காக்கும் உரிமைக்கு முரணாகாதா என்ற வினா, ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றது. ஓ'ஹாலரன், பிரான்சிஸ் எதிர் ஐக்கிய இராச்சியம் என்னும் வழக்கில் 2007 சூனில் தீர்ப்பு வந்தது. மனுதாரர்களில் ஒருவர் தாமே ஓட்டியதாக விடையளித்துத் தண்டிக்கப்பட்டவர். மற்றவர் விடையளிக்க மறுத்துத் தண்டிக்கப்பட்டவர். வாகனம் வைத்திருப்போர் அதனுடன் வரும் பொறுப்புகளையும் ஏற்றுக்கொண்டவர்களே என்றும், கேட்கப்படும் தகவல் மிகவும் வரையறுக்கப்பட்டது என்றும் கூறி, உரிமை மீறல் இல்லை என 15 நீதிபதிகள் முடிவு செய்தனர். 2 நீதிபதிகள் மாறுபட்டனர்.

பொய்யான பெயரைத் தருவது இவற்றை விடப் பெருங்குற்றம் ஆகும். 2003 இல் தாம் செய்த வேக மீறலுக்கான புள்ளிகளைத் தம் மனைவியின் பெயரில் ஏற்றிய கிறிஸ் ஹியூன், பின்னாளில் அமைச்சரானார். உண்மை வெளிவந்ததால் அமைச்சர் பதவியையும் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியையும் துறந்தார். நீதியின் போக்கைத் திரித்த குற்றத்துக்காக, 2013 மார்ச்சில் அவருக்கும் அவருடைய முன்னாள் மனைவி விக்கி பிரைசுக்கும் தலா 8 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

முன்மொழிவுகள்

ஓட்டியவர் யார் எனத் தெரிந்த பின்னர், காவல்துறை பின்வரும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

1. வேக விழிப்புணர்வு வகுப்பு: கட்டணம் செலுத்தி இவ்வகுப்பில் கலந்துகொண்டால் புள்ளிகள் இல்லை. மூன்று ஆண்டுக் காலத்துக்குள் நிகழ்ந்த மற்றொரு வேக மீறலுக்கு இவ்வாய்ப்பு மீண்டும் வழங்கப்படாது.
2. நிர்ணய அபராதம்: வேக மீறலுக்கு 100 பவுண்டும் 3 புள்ளிகளும். இதை ஏற்க 28 நாட்கள் உண்டு. ஏற்கெனவே உள்ள புள்ளிகளுடன் சேர்ந்து 12 ஆகுமெனில் இவ்வாய்ப்பு கிடைக்காது.
3. நீதிமன்ற வழக்கு.

காவல்துறைத் தலைவர்கள் அமைப்பின் வழிகாட்டுதலின்படி, பொதுவாக வரம்புடன் அதன் 10 விழுக்காட்டையும் 2 மைலையும் கூட்டினால் வரும் வேகத்தில் நடவடிக்கை தொடங்குகிறது. வரம்பு 30 மைல் எனில் 35 முதல் 42 மைல் வரை வகுப்பு, அதற்கு மேல் நிர்ணய அபராதம், 50 மைல் முதல் நீதிமன்றம். வரம்பு 70 மைல் எனில் இவ்வெண்கள் முறையே 79, 86, 96 ஆகும். இது வழிகாட்டுதல் மட்டுமே. 30 மைல் வரம்பில் 31 மைல் வேகத்தில் செல்வதும் சட்டப்படி குற்றமே.

வேறு சில குற்றங்களுக்கான நிர்ணய அபராதங்கள்:

* சிவப்பு விளக்கை மீறுதல்: 100 பவுண்டு, 3 புள்ளிகள்
* கவனமின்றி ஓட்டுதல்: 100 பவுண்டு, 3 புள்ளிகள்
* கைப்பேசிப் பயன்பாடு (2017 மார்ச் முதல்): 200 பவுண்டு, 6 புள்ளிகள்
* காப்புறுதி இன்மை: 300 பவுண்டு, 6 புள்ளிகள்

நீதிமன்றத்தில் மறுத்தல்

முன்மொழிவை ஏற்காதவர் மீது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்படும். குற்றம் நிகழ்ந்து ஆறு மாதங்களுக்குள் வழக்கு தொடங்கப்பட வேண்டும் என்பது பொது விதி. 2015 முதல் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் ஒற்றை நீதிபதி நடைமுறையில் விசாரிக்கப்படுகின்றன. இதில் ஒரு மாஜிஸ்திரேட், சட்ட ஆலோசகரின் துணையுடன், ஆவணங்களை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர் 21 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும். குற்றத்தை மறுத்தால் வழக்கு திறந்த நீதிமன்ற விசாரணைக்கு மாற்றப்படும். விடையே வராவிட்டால் அவர் இல்லாமலேயே தீர்ப்பு வழங்கப்படலாம். வழக்கு நடந்ததையே அறியாத ஒருவர், அறிந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் உறுதிமொழி அளித்தால் வழக்கு மீண்டும் தொடக்கத்திலிருந்து நடைபெறும்.

வேக மீறலுக்கு நீதிமன்றம் விதிக்கும் அபராதம், ஓட்டுநரின் வார வருமானத்தைப் பொறுத்தது. மூன்று பிரிவுகளுக்கும் தொடக்க அளவு முறையே வார வருமானத்தின் 50, 100, 150 விழுக்காடு ஆகும். உச்ச அளவு 1000 பவுண்டு. விரைவுச்சாலைகளில் 2500 பவுண்டு. எடுத்துக்காட்டாக, வரி போக வாரம் 600 பவுண்டு ஈட்டும் ஒருவர் 30 மைல் வரம்பில் 38 மைல் வேகத்தில் சென்றதாக விசாரணையில் முடிவானால், தொடக்க அளவின்படி அபராதம் 300 பவுண்டு ஆகும். அதன் மீது 40 விழுக்காடு கூடுதல் கட்டணமாக 120 பவுண்டு சேரும். அரசுத் தரப்பின் வழக்குச் செலவும் தனியே சேரும். முதல் வாய்ப்பிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். புள்ளிகள் குறையா. ஆகவே தகுந்த எதிர்வாதம் இல்லாதவருக்கு நீதிமன்றம் செல்வது பெருஞ்செலவாகவே முடியும்.

சான்றுகளும் எதிர்வாதங்களும்

பின்வருவன நீதிமன்றங்கள் கருத்தில் கொள்ளும் வாதங்களுள் சில:

* ஓட்டியவர் வேறொருவர் என்பது.
* வேக வரம்புப் பலகைகள் விதிப்படி அமைக்கப்படவில்லை என்பது. ஆயினும் ஏறத்தாழ 183 மீட்டருக்கு (200 கெசம்) மிகாத இடைவெளியில் தெருவிளக்குகள் இருந்தால், வேறு பலகை இல்லாதபோது, அதுவே இங்கிலாந்தில் 30 மைல் வரம்பைக் குறிக்கும். வேல்ஸில் இது 2023 செப்டம்பர் முதல் 20 மைல் ஆகும்.
* வேகத்தைப் பற்றி ஒரே ஒரு சாட்சியின் மதிப்பீடு மட்டுமே உள்ளது என்பது. பொதுவாக, கருவிச் சான்றோ வேறு ஆதரவோ இன்றி அதை மட்டும் கொண்டு தண்டிக்க முடியாது.
* கருவி முறைப்படி இயங்கவில்லை என்பது.

கடைசி வாதத்தை ஓட்டுநர் தாமே ஓரளவு சரிபார்க்கலாம். பழைய காட்சோ வகைக் கருவி, ரேடார் மூலம் வேகத்தை அளந்த பின்னர், அரை வினாடி இடைவெளியில் இரு படங்களை எடுக்கிறது. சாலையில் வரையப்பட்ட கோடுகளைக் கொண்டு, இரு படங்களுக்கும் இடையே வாகனம் கடந்த தொலைவைக் கணக்கிடலாம். மணிக்கு 30 மைல் என்பது வினாடிக்கு 13.4 மீட்டர். எனவே அரை வினாடியில் 6.7 மீட்டர் கடந்திருக்க வேண்டும். 40 மைல் எனில் 8.9 மீட்டர். படங்களில் காணும் தொலைவு ரேடார் காட்டும் வேகத்துடன் பொருந்தவில்லை எனில் வாதத்துக்கு வலுவுண்டு. பொருந்தினால் கருவியைக் குறைகூறுவதில் பயனில்லை.

அவசரம், சாலை வெறுமையாக இருந்தது, வரம்பை அறியவில்லை என்பன குற்றமின்மைக்கான வாதங்கள் ஆகா. அவை தண்டனையின் அளவை மட்டுமே பாதிக்கக்கூடும்.

புள்ளிகளும் உரிம இழப்பும்

மூன்று ஆண்டுகளுக்குள் செய்த குற்றங்களுக்கான புள்ளிகள் 12 அல்லது அதற்கு மேல் ஆனால், நீதிமன்றம் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு வாகனம் ஓட்டத் தடை விதிக்கும். இக்காலம் குற்றம் நிகழ்ந்த நாட்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. பெரும்பாலான புள்ளிகள் நான்கு ஆண்டுகள் பதிவேட்டில் இருக்கும். 2015 சூனில் உரிமத்தின் தாள் இணைப்பு நீக்கப்பட்ட பின்னர், அவை மின்னணுப் பதிவேட்டில் மட்டுமே உள்ளன.

தடையால் அசாதாரண இன்னல் ஏற்படும் என மெய்ப்பித்தால் நீதிமன்றம் தடையைத் தவிர்க்கலாம் அல்லது குறைக்கலாம். வசதிக் குறைவு மட்டும் இதற்குப் போதாது. ஓட்டுநரை நம்பியிருக்கும் நோயாளி, குழந்தைகள், பணியாளர்கள் போன்றோருக்கு நேரும் பாதிப்பு கூடுதல் கவனம் பெறுகிறது. ஒருமுறை ஏற்கப்பட்ட அதே காரணத்தை மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் கூற இயலாது.

புதிய ஓட்டுநர்களுக்கு விதி இன்னும் கடுமையானது. 1997 சூன் முதல், தேர்வில் வெற்றி பெற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் செய்த குற்றங்களால் 6 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் நீக்கப்படுகிறது. இந்நீக்கத்தைச் செய்வது நீதிமன்றம் அன்று, உரிம அலுவலகம். ஆதலால் இன்னலைக் கூறி வாதிட இடமில்லை. எழுத்துத் தேர்வையும் ஓட்டுதல் தேர்வையும் மீண்டும் எழுதித் தேற வேண்டும். கைப்பேசிக் குற்றம் ஒன்றே இதற்குப் போதுமானது. 172 ஆவது பிரிவின் கீழ் விடையளிக்காமையும் அவ்வாறே.

வாகன நிறுத்த அறிவிப்புகள்

உள்ளாட்சி மன்றங்கள் வாகன நிறுத்த விதிமீறலுக்கு வழங்கும் கட்டண அறிவிப்புகள் குற்றவியல் சார்ந்தவை அல்ல. இவற்றால் புள்ளிகள் சேர்வதில்லை. 14 நாட்களுக்குள் செலுத்தினால் பொதுவாகப் பாதித் தொகை போதும். மறுப்போர் முதலில் மன்றத்திடமும், அது நிராகரித்தால் தனித்தியங்கும் தீர்ப்பாயத்திடமும் முறையிடலாம். தீர்ப்பாயத்தில் முறையிடக் கட்டணம் இல்லை.

தனியார் நிறுத்துமிட நிறுவனங்களின் அறிவிப்புகள் ஒப்பந்தச் சட்டத்தின்பாற்பட்டவை. இவை சட்டப்படி செல்லாதவை என்ற கருத்து பரவலாக இருந்தது. 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தெளிவான பலகைகள் வைக்கப்பட்டிருந்த ஓர் இடத்தில் விதிக்கப்பட்ட 85 பவுண்டுக் கட்டணம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

ஸ்காட்லாந்து

ஸ்காட்லாந்தில் வேக விழிப்புணர்வு வகுப்புகள் வழங்கப்படுவதில்லை. வழக்குத் தொடரும் முடிவை அரசு வழக்குரைஞரான புரொக்கியூரேட்டர் பிஸ்கல் எடுக்கிறார். குற்றத்தின் முதன்மைக் கூறுகளுக்கு ஒன்றுக்கொன்று சாராத இரு சான்றுகள் தேவை என்பது அந்நாட்டுச் சட்டத்தின் சிறப்புக் கூறு ஆகும். வேகத்தை அளக்கும் காவலர்கள் இருவராகச் செல்வது இதனாலேயே. வழக்கு நோக்க அறிவிப்பின் 14 நாள் கெடுவும், ஓட்டுநரை அடையாளம் காட்டும் கடமையும், 12 புள்ளி வரம்பும் அங்கும் பொருந்தும்.