திங்களிளவரசி: ஒரு கதையும் அதன் மறுபுனைவும்

நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தினர் நம் இலக்கண நூலார். முதனூலின் பொருளைத் தழுவிப் பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளுடன் இயற்றுவது வழிநூல். ஆயின், முன்னோனும் பின்னோனும் ஒருவரேயாயின் அந்நூலை எவ்வகையுள் அடக்குவது? யப்பான் நாட்டிலே தோன்றிய ‘சுக்கிகிமே’ என்னும் காட்சி நாவல் இவ்வினாவை எழுப்புகின்றது. ‘திங்களிளவரசி’ என்பது அப்பெயரின் பொருள்.

காட்சி நாவலாவது கணினித் திரையிற் படிக்கப்படும் கதை. ஓவியத்தின்மேல் உரைநடை வரிவரியாய்த் தோன்றும். பின்னே இசை ஒலிக்கும். இடையிடையே, செய்யத்தக்கது யாதெனப் படிப்போனை வினவி, அவன் தெரிவுக்கேற்பக் கதை கிளைத்துச் செல்லும். விளையாட்டென விற்கப்படினும் இதன்கண் பெருந்தொழில் படித்தலேயாம்.

நாசு கினொக்கோ எழுத, தக்கேயுச்சி தக்காசி ஓவியந் தீட்ட, ரைப்-மூன் என்னும் சிறு குழுவினர் 2000 ஆம் ஆண்டு திசெம்பரில் இதனை வெளியிட்டனர். தோக்கியோவிலே, தன்முயற்சியாளர் தம் ஆக்கங்களைத் தாமே விற்கும் கொமிக் மார்க்கெட் என்னும் சந்தையே அதன் அரங்கேற்றக் களம். மாந்தர்க்குக் குரல் இல்லை. ஓவியத்தில் அசைவும் அரிது. அச்சமும் காதலும் சொல்லினாலேயே பிறக்கவேண்டியிருந்தன.

கதைத்தலைவன் தோனோ ஷிக்கி என்னும் மாணவன். இளமையிற் சாவின் விளிம்புவரை சென்று மீண்ட அவன் கண்களுக்கு எப்பொருளின்மீதும் அதன் அழிவைக் குறிக்கும் கோடுகள் தோன்றும். அவற்றின்வழிக் கத்தி செலுத்தின் எதுவும் துண்டாகும். அக்காட்சியை மறைக்கும் மூக்குக்கண்ணாடி ஒன்றே அவனுக்குக் காப்பு. ஒருநாள், தனக்கே விளங்காத வெறியொன்றினால், வழியிற் கண்ட ஆர்க்குவெயிட் என்னும் பெண்ணைப் பதினேழு துண்டாக்குகின்றான். மறுநாள் அவள் உயிருடன் அவன்முன் நிற்கின்றாள். அவள் இரத்தக் காட்டேரிகளை வேட்டையாடும் காட்டேரி. தன் குருதிவேட்கையைத் தானே அடக்கி வாழ்பவள். கொன்றவனும் கொல்லப்பட்டவளும் காதலராவதே இக்கதையின் வியப்பு.

மறுபுனைவு 2008 இல் அறிவிக்கப்பட்டது. ‘நீலக் கண்ணாடி நிலவின் ஒரு துண்டு’ என்னும் துணைத்தலைப்புடன் 2021 ஓகத்து 26 இல் வெளிவந்தது. ஆங்கில வடிவம் 2024 இலேயே கிடைத்தது. முன்னர் விடுதியொன்றில் கொலைபுரிந்த, விலங்குகளை உடலுட்கொண்ட நீரோ கேயொசின் இடத்தை இப்போது விளோவ் என்னும் வேறொரு காட்டேரி கொண்டுள்ளான். முதனூலில் வயதுவந்தோர்க்கென அமைந்த காமக் காட்சிகள் விலக்கப்பட்டன. குரலும் ஓவியப் பெருக்கும் சேர்ந்தன. இவற்றாற் சில போர்க்காட்சிகள் அளவிறந்து நீண்டுவிட்டன என்பது எம் கருத்து. பழைய நூலின் அடங்கிய அச்சம் அவ்விடங்களிற் குன்றுகின்றது.

எனினும், மாற்றங்களுள் ஒன்றை யாம் தயங்காது மெச்சுவோம். திருச்சபையின் பணியிற் காட்டேரிகளை ஒழிக்கும் சியெல் என்பாள், முன்னொருகால் ரோவா என்னும் காட்டேரி தன் உடலிற் புகுந்தமையாற் பிரான்சிலுள்ள சொந்த ஊராரைத் தன் கையாலேயே கொன்றவள். பழைய நூலில் அக்குற்றவுணர்வு பெரிதும் அவள் வாய்மொழியாகவே நின்றது. புதியதிலோ அவ்வூரழிவில் உயிர்தப்பிய நோயெல் என்னும் பெண் அவளுக்குத் துணைவியாக வருகின்றாள். மன்னிக்கவியலாதவளும் மன்னிப்பை நாடவொண்ணாதவளும் ஒருங்கே பணிபுரிகின்றனர். சியெலின் கதை இதனாற் புத்துயிர் பெற்றது.

இழப்பு யாதெனின், நூல் பாதியாயினமையே. முதனூலில் நாயகியர் ஐவர். ஆர்க்குவெயிட், சியெல் இருவர் கதையும் நிலவின் முன்புறம். தங்கை அக்கிகா, இரட்டையரான பணிப்பெண்கள் கிசூயி, கொகாக்கு ஆகியோர் கதை அதன் பின்புறம். முன்புறத்திற் பகை வெளியிலிருந்து வருகின்றது. பின்புறத்திலோ தோனோ குடியின் இரத்தமே பகை. ஷிக்கி அவ்வீட்டிற்கு உண்மையில் யார் என்பதும், பணிப்பெண்ணின் புன்னகையின் பின்னே கிடந்த துயரும் ஆண்டே துலங்கும். 2021 ஆம் ஆண்டு நூல் முன்புறத்தோடு நின்றது. ஏனையது ‘செந்தோட்டத்தின் மறுபுறம்’ என்னும் பகுதிக்கு ஒதுக்கப்பட்டது. ஆகவே, புதியதை மட்டும் படிப்போனுக்கு அவ்வீடு வெறும் பின்னணியாய்த் தோன்றிவிடுதல் கூடும்.

வழிநூல் தோன்றியபின்னும் முதனூல் ஏட்டில் வாழ்வது நம் மரபிற் கண்டது. இங்கோ சந்தையில் விற்ற அப்பழைய தட்டுகள் அருகின. அவை பழைய கணினிகளுக்கென அமைந்தவை. நாசுவின் இளமை நடையைக் காண விழைவோர், அத்தட்டுகளைப் பேணி வைத்திருப்போரையே நாடவேண்டும்.