தனிமையில் வாடும் முதியோரும் பியானோ இசையும்

வைகைக் கரையோரம் வயலும் தோப்புமாய் விளங்கிய கோச்சடையில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்துவிட்டன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் பணிபுரிய, தாயோ தந்தையோ தனித்து வாழும் இல்லங்கள் நம்மிடையே பல. அவர்களுக்கு உணவுக்கும் மருந்துக்கும் குறைவில்லை. வாய்விட்டுப் பேசத்தான் ஆளில்லை. இத்தகையோருக்கு மேனாட்டுச் செவ்வியல் பியானோ இசை ஆறுதல் தரும் என்றால் வாசகருள் சிலர் நகைக்கக்கூடும். எனினும், ஒரு மூதாட்டியின் வரலாற்றைக் கேட்டபின் அவர்கள் தீர்ப்பளிக்கட்டும்.

ஆலிஸ் ஹெர்ஸ் சோமர் 1903 நவம்பர் 26 அன்று பிராகு நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். பேர்பெற்ற பியானோ கலைஞர். 1943-இல் நாசிகள் அவரைக் கணவரோடும் சிறு மகனோடும் தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைத்தனர். கணவர் பின்னர் வேறொரு முகாமில் மாண்டார். பசியும் நோயும் சூழ்ந்த அவ்விடத்தில் ஆலிஸ் நூற்றுக்கும் மேற்பட்ட கச்சேரிகளில் வாசித்தார். கைவிடப்பட்ட முதியவர்களும் நோயாளிகளும் வந்து அமர்ந்து கேட்டதையும், அவ்விசையே அவர்களுக்கு உணவாய் இருந்ததையும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1986-இல் இலண்டனுக்குக் குடியேறினார். 2001-இல் மகனும் திடீரென இறந்தார். ஓரறை வீட்டில் தனித்து வாழ்ந்த அம்மூதாட்டி, விரல்கள் இரண்டு செயலிழந்த பின்னும் எஞ்சிய எட்டு விரல்களால் நாள்தோறும் வாசித்தார். அண்டை வீட்டார் செவிமடுத்தனர். 2014-இல், தம் 110-ஆம் வயதில் மறைந்தார்.

ஆறுதல் எங்கிருந்து பிறக்கிறது? 1831-இல் மிலான் நகரில் டொரோதியா எர்ட்மன் சீமாட்டியைச் சந்தித்த இசைமேதை மெண்டல்சோன், அவர் கூறிய நிகழ்ச்சி ஒன்றைக் கடிதத்தில் எழுதிவைத்தார். சீமாட்டி தம் குழந்தையைப் பறிகொடுத்தபோது பேத்தோவன் முதலில் அவர் வீட்டிற்குச் செல்லத் துணியவில்லையாம். பின்னர் அவரைத் தம்மிடம் வரவழைத்து, இனி இசையால் பேசுவோம் என்று மட்டும் கூறி, ஒரு மணி நேரத்திற்கும் மேலாக வாசித்தார். துக்க வீட்டில் நாம் சொல்லும் வழக்கமான சொற்களில் ஒன்றேனும் அவர் வாயினின்று வரவில்லை. ஆயினும் தாய் தேறினாள். இசையோடு, ஒருவர் தமக்கென ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார் என்பதும் அத்தாயைத் தேற்றியிருக்கும் என நாம் எண்ணுகிறோம்.

மருத்துவர் கூறுவதையும் மிகைப்படுத்தலாகாது. மறதி நோயுற்றோரைப் பற்றி 2018-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இசை மனச்சோர்வை ஓரளவு தணிக்கக்கூடும் என்றது. இழந்த நினைவாற்றலை அது மீட்டுத் தரும் என்று கூறவில்லை.

இவ்விசை நமக்கு அந்நியம் என்பாருமுளர். அன்று மதுரை மாவட்டமாயிருந்த பகுதியில், பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்றவர். 1976-இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது இளைஞராயிருந்தோரே இன்றைய முதியோர். பாக் என்ற பெயரை அறியாவிடினும், அவ்விசையின் சாயலை அவர்கள் செவிகள் திரைப்பாடல்களிலேயே கேட்டுப் பழகியுள்ளன.

பியானோவுக்கு எங்கே போவது? நம் பாடற்குழுக்களிடம் மின்விசைப்பலகை உண்டு. அதில் பியானோ ஒலியும் உண்டு. (ஆலிஸ் பிறந்த அதே 1903 நவம்பரில்தான் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் கோவிலுக்குள் பியானோ வாசித்தலைத் தடை செய்தார். வீட்டிற்கு அத்தடை ஏது?) ஞாயிறு மாலை இளைஞர் ஒருவர் அதைத் தோளில் சுமந்து ஒரு பாட்டியின் வீட்டிற்குச் செல்லலாம்.

முதலில் தொலைக்காட்சியை நிறுத்த வேண்டும். முதுமையில் உச்ச ஒலிகளே முதலில் செவிக்கு எட்டாமற் போவதால், நடுக்கட்டைகளில் நிதானமாக வாசிப்பது நன்று. சூமன் 1838-இல் இயற்றிய 'ட்ராய்மெராய்' மூன்று நிமிடத்தில் முடியும். களைப்புற்றோருக்கு அது போதும். அதன்பின், தங்களுக்கு எந்தப் பாட்டு விருப்பம் பாட்டி என்று கேட்க வேண்டும். அவர் பழைய மாதா பாடலையோ திரைப்பாடலையோ கேட்டால் அதையே வாசிக்க வேண்டும். சூமன் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் அழுதால் பதறி நிறுத்த வேண்டாம். போதும் என்றால் மட்டும் நிறுத்தலாம். விடைபெறுமுன், மறுபடி வரும் நாளை நாட்காட்டியில் அவர் கையாலேயே குறிக்கச் செய்வது நல்லது.